உங்களுக்குத் தெரியுமா? இதயத்துக்கும் வேண்டும் ஹெர்2!

சிலவகை மார்பகப் புற்றுநோயில் மிதமிஞ்சிப் பெருகும் ஹெர்2 புரதத்தை முடக்கும் அருமருந்து, டிராஸ்டுசுமாப். 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அதற்கு முந்தைய மருத்துவச் சோதனையில், ஆந்த்ராசைக்ளின் வகைப் புற்றுநோய் மருந்துச் சிகிச்சையோடு இதையும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு இதயம் பாதிக்கப்பட்டது. டிராஸ்டுசுமாப் இல்லாமல் அதே சிகிச்சை பெற்றவர்களில் 8 சதவீதம்தான்!

ஏன்?

இதயத்தின் நுண் ரத்தக்குழாய்ச் சுவர்கள் நியூரெகுலின் என்ற வளர்ச்சிக் காரணியைச் சுரக்கின்றன. அது இதயத் தசைச் செல்லின் மேலுள்ள, ஹெர்2-வின் உறவுப் புரதமான ஹெர்4-ஐப் பற்றியதும், ஹெர்4 பக்கத்திலிருக்கும் ஹெர்2-வுடன் கைகோக்கும். உடனே உள்ளே ஏகேடி என்ற நொதி விழித்தெழுந்து, செல்லைச் சாகத் தூண்டும் புரதங்களை அடக்கும். ஹெர்2 முடங்கினால் இந்தக் காவல் தளர்ந்துவிடும்.

அதனால்தான் இம்மருந்தைத் தொடங்கும் முன்பும், சிகிச்சையின் நடுவிலும் எக்கோ பரிசோதனை செய்கிறார்கள்.