தஞ்சையில் தொலையும் முதல் பகல்

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே பள்ளி அறிவிப்புப் பலகையில் சுற்றுலாத் தாள் ஏறிவிடும். தஞ்சாவூர், கும்பகோணம், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், நேரம் இருந்தால் கல்லணை என்று ஊர்கள் வரிசையாக இருக்கும். அடியில் ஒரு வரி: இரவு ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து பேருந்து புறப்படும். பெற்றோர் கட்டணத்தைப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று பேசி முடிவு செய்கிறார்கள். அந்தக் கடைசி வரியை யாரும் நின்று வாசிப்பதில்லை. ஆனால் மாணவரின் முதல் நாள் எப்படி இருக்கப்போகிறது என்பது அதில்தான் இருக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் இறங்கி, குளியலறை வரிசையில் நின்று, பொட்டலப் பொங்கலைச் சாப்பிட்டு, ஏழரைக்குப் பெரிய கோயில் வாசலில் நிற்கும் பிள்ளையின் கண்ணில் முந்தைய இரவு முழுக்க மிச்சம் இருக்கிறது. வரலாற்று நகரம் ஒன்றை முதன்முதலாகப் பார்க்கும் பகல் ஒருவருக்கு ஒரு முறைதான் வரும். அந்தப் பகலைத்தான் வாடகை அறையின் செலவை மிச்சப்படுத்துவதற்காக விற்றுவிடுகிறோம்.

பிள்ளைகள் வயசுக்கு ஓர் இரவு விழிப்பு ஒன்றும் செய்யாது என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். உடலியல் அப்படிச் சொல்லவில்லை. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவ வல்லுநர்கள் 2016-ல் வெளியிட்ட பரிந்துரை. அதைவிடச் சிறியவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். பதின்ம வயதில் உடலின் கடிகாரமே சற்றுப் பின்தள்ளிப் போவதால், நள்ளிரவு வரை தூக்கம் வராது, விடிகிற நேரத்தில்தான் ஆழ்ந்து வரும். சுற்றுலாப் பேருந்து அவர்களை எழுப்புவது சரியாக அந்த நேரத்தில். 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஓர் இரவு தூங்காதவர்களுக்கு மறுநாள் படங்களைக் காட்டினார்கள். பிறகு அவர்களை நன்றாகத் தூங்க விட்டு, அதன்பின்தான் நினைவைச் சோதித்தார்கள். அப்போதும் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். விழித்த இரவுக்கு மறுநாள் பார்த்தது மூளையில் சரியாகப் பதியவே இல்லை, பின்னால் எவ்வளவு தூங்கினாலும் அது திரும்பவில்லை என்பதுதான் அதன் சாரம். பேருந்தில் பிள்ளைகள் முழு இரவும் விழித்திருப்பதில்லை, துண்டு துண்டாகத் தூங்குகிறார்கள் என்பது உண்மை. அதனால் பாதிப்பு குறையலாம். இல்லாமல் போகாது.

இதன் விளைவைக் கோயிலுக்குள்ளேயே காணலாம். தூங்கி வழியும் கூட்டத்தை நிமிரவைக்க வழிகாட்டிக்கு ஒரே கருவிதான் இருக்கிறது, வியப்பு. அதனால்தான் இந்தக் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. நிழல் விழுகிறது. எந்த மாதமும், வெயில் அடிக்கும் எந்த நாளிலும், நின்று பார்ப்பவர் காலடியில் கிடக்கிறது. கோபுரம் என்று அவர்கள் சொல்லும் விமானத்தின் உயரம் ஏறத்தாழ 66 மீட்டர். அடித்தளத்தின் பக்கம் சுமார் 30 மீட்டர். சுற்றுலா நடக்கும் டிசம்பர் கடைசியில், தஞ்சையின் நடுப்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 56 பாகைதான் ஏறும். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் உயரங்களும் தொலைவுகளும் என்று வரும் முக்கோணவியலை வைத்து ஒரு பிள்ளை ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடலாம். விமானத்தின் நடுப்புள்ளியிலிருந்து வடக்கே சுமார் 45 மீட்டர் வரை நிழல் நீளும். அடித்தளச் சுவரைத் தாண்டி ஏறக்குறைய 30 மீட்டர் முற்றத்தில் படிந்திருக்கும். காலை ஒன்பது மணிக்கு அந்த 45 மீட்டர் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். சூரியன் உச்சிக்கு அருகே வரும் மாதங்களில் நடுப்பகலை ஒட்டி மட்டும் உச்சியின் நிழல் அடித்தளத்துக்குள் அடங்கும். அது உலகில் வெப்பமண்டலத்தில் உள்ள எந்தக் கூம்புக் கட்டடத்துக்கும் நடப்பதே. தெளிந்த கண்ணோடு வந்த மாணவி இந்தக் கதையைக் கேட்டதும் திரும்பித் தரையைப் பார்ப்பாள். கேள்வி கேட்பாள். தூக்கம் பிடித்த மாணவி கதையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறாள். பிழையான ஒரு செய்தி அவள் மனதில் நின்றுவிடுகிறது என்பதைவிட, சோதித்துப் பார்க்கும் ஒரு வாய்ப்பு அவள் முன்னால் இருந்தும் கைநழுவியது என்பதே எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

நிழலைவிடப் பெரிய இழப்பு சுவரில் இருக்கிறது. இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1010-ல், விமானத்தின் உச்சிக்குக் கலசம் கொடுத்த கோயில் இது. கலசம் கொடுத்ததை அவர் எழுதி வைத்தார். தமக்கை குந்தவை கொடுத்ததை, அரசியர் கொடுத்ததை, அதிகாரிகள் கொடுத்ததை எல்லாம் கல்லில் வெட்டச் செய்தார். தனியாகக் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று இதில் உண்டு. பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவரப்பட்டுத் தஞ்சையில் கோயில் பணிக்காகக் குடியமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயர்கள், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று வரிசையாக வெட்டப்பட்டிருக்கிறது. அவர்களோடு பாடுபவர்கள், மத்தளம் வாசிப்பவர்கள், கணக்கர்கள், தையல்காரர், நாவிதர், வண்ணார், தச்சர் என்று ஒரு நகரத்தின் குடிக்கணக்கே அங்கே இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வேலைக்காரர்களுக்கு இவ்வளவு விரிவான பதிவு கிடைப்பது அரிது. திருவாரூரிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ வரும் ஒரு மாணவர், தன் ஊர்ப் பெயர் இந்தக் கல்லில் இருக்கிறதா என்று ஆசிரியரோடு தேடலாம். ட, ப போன்ற சில எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு அருகிலேயே இருப்பதால், முயன்றால் ஒன்றிரண்டு சொற்களைத் தானாகவே கூட்டிப் படிக்கலாம். இதற்கு வேண்டியது ஒரு மணி நேரம், பொறுமை, விழிப்பு. முதல் நாளில் நான்கு ஊர்களை அடைத்துவிட்ட பயணத்தில் இம்மூன்றும் இல்லை. ஒன்பதரைக்குள் வெளியே வந்தால்தான் பன்னிரண்டுக்குள் தாராசுரத்தில் நடை சாத்துவதற்கு முன் நுழைய முடியும் என்று கணக்குப் போடுகிறார்கள். பிள்ளைகள் நந்தியின் முன்னால் வகுப்பு வாரியாகப் புகைப்படம் எடுத்துக்கொண்டு செருப்பு வைத்த இடத்துக்கு ஓடுகிறார்கள்.

தஞ்சையிலேயே நின்று அரண்மனை பார்க்கும் பயணங்களில் பிற்பகல் இதைவிட மோசம். அரண்மனைக் கலைக்கூடத்தின் சோழர் செப்புத் திருமேனிகளையும், மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி வளர்த்த சரசுவதி மகாலின் ஓலைகளையும், அவர் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை பார்த்து எழுதி வைக்கச் செய்த குறிப்புகளையும் உணவுக்குப் பின் உடல் தானாகவே தளரும் நேரத்தில் காட்டுகிறோம். பிள்ளைகள் அங்கே உள்ள திமிங்கல எலும்புக்கூட்டின் முன் மட்டும் கூடுகிறார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். களைத்த மனம் பெரியதைத்தான் பிடிக்கும்.

இரவில் வருவதால் கெடுவது பகல் மட்டுமல்ல, பயணமும்தான். சென்னையிலிருந்து தஞ்சைக்கு மெயின் லைனில் பகல் ரயிலில் வருகிற பிள்ளை, சிதம்பரத்தைத் தாண்டிக் கொள்ளிடத்தின் அகலத்தைப் பார்க்கிறது. சீர்காழி, மயிலாடுதுறை, ஆடுதுறை, கும்பகோணம் என்று மணிக்கணக்காக வாய்க்காலும் வயலும் கடந்து போகின்றன. டிசம்பரில் சம்பா பயிர் கதிர் பிடித்து நிற்கும். கருங்கல் கிடைக்காத சமவெளியில் இவ்வளவு கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்து அடுக்க ஓர் அரசுக்கு எங்கிருந்து வசதி வந்தது என்ற கேள்விக்கு விடை அந்த ஜன்னலில் ஓடிக்கொண்டிருக்கிறது. கோயிலுக்கு ஊர் ஊராக நெல் அளக்க வேண்டும் என்று கல்வெட்டு சொல்லும்போது, அந்த ஊர்களில் பல இன்றும் அதே டெல்டாவில் இருக்கின்றன. ஈழத்தில் இருந்த ஊர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. நெல்லைப் பார்த்துவிட்டு வந்தவருக்குக் கோயில் விளங்கும். திரையை இழுத்துவிட்ட பேருந்தில் இருட்டில் வந்தவருக்கு அது வானத்திலிருந்து இறங்கிய அதிசயமாகத்தான் தெரியும். வழிகாட்டியும் அப்படித்தான் சொல்லப்போகிறார்.

இவ்வளவும் கல்வி பற்றியவை. இதற்கெல்லாம் மேலே ஒரு கவலை இருக்கிறது, எனக்கு அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. பேருந்தில் விழித்தே இருக்கவேண்டிய ஒருவர் இருக்கிறார். இரவு இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் மனித உடல் விழிப்பை இழக்கும் வேகம் அதிகம். மனவுறுதி, தேநீர், பாட்டு எதுவும் அதை முழுதாக நிறுத்துவதில்லை. ஓட்டுநர் கண் அசந்துபோவது சில விநாடிகளுக்குத்தான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடக்கும். மூன்று விநாடி போதும், பெரிய கோயில் விமானத்தின் உயரம் அளவுக்குச் சாலையில் ஆளில்லாமல் ஓடியிருக்கும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்தது. ஓட்டுநருக்கு நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து ஐந்து மணி நேரம் ஓட்டினால் குறைந்தது அரை மணி ஓய்வு என்று அது பொது விதி வகுத்தது. சுற்றுலாத் திட்டத்தை எடுத்து இந்த விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரவு ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை ஓட்டியவர், பகலில் பிள்ளைகள் கோயிலுக்குள் இருக்கும் நேரத்தில் வண்டியின் இருக்கையிலோ அடியில் சரக்கு வைக்கும் இடத்திலோ வெக்கையில் படுத்துக் கண் மூடுகிறார். பிறகு தாராசுரம், கும்பகோணம், கங்கைகொண்ட சோழபுரம் என்று ஓட்டுகிறார். அன்று இரவே திரும்ப ஓட்டுகிறார். மாற்று ஓட்டுநர் ஏட்டில் இருப்பார், பல வண்டிகளில் இருக்கையில் இருப்பதில்லை. பிள்ளைகளின் தூக்கம் ஒரு நாளைக் கெடுக்கும். அவருடைய தூக்கம் எதைக் கெடுக்கும் என்று எழுத என் கை வரவில்லை.

பணம்தான் காரணம், இரவு தங்கினால் ஏழைப் பிள்ளைகள் வரவே முடியாது என்று தலைமையாசிரியர்கள் சொல்கிறார்கள். உண்மையான கவலை இது. ஆனால் இதற்கு விடை இரவுப் பேருந்தாகத்தான் இருக்க வேண்டுமா? தஞ்சைக்குப் போவதற்கு ஒரு கூடுதல் இரவுக்குப் பணம் இல்லை என்றால், பகலில் போய் மாலையில் திரும்பக்கூடிய நகரங்கள் எல்லா மாவட்டத்துக்கும் அருகில் உண்டு. சென்னைப் பள்ளிக்குக் காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். அங்கே கைலாசநாதர் கோயிலில் இராசராசன் காலக் கல்வெட்டு அதைப் பெரிய திருக்கற்றளி என்று குறிப்பிடுகிறது. தஞ்சைக் கோயிலை எழுப்பியவர் பார்த்து வியந்த முன்னோடிக் கோயில் அது என்று சொல்லலாம். மதுரைப் பள்ளிக்கு 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரையே ஒரு வரலாற்று நகரம். ஐந்து ஊர்கள் என்று எண்ணிக்கையைக் கூட்டாமல் ஒரே ஊரை வைத்துக்கொண்டால் டீசலும் மிச்சம், தங்கும் செலவும் மிச்சம். தஞ்சைக்கே போகவேண்டும் என்றால், கல்விச் சுற்றுலாவுக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அதைக் கேட்டு வாங்கி, பகலில் வந்து, அன்று மாலை அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, இரவு தூங்கி, மறுநாள் காலை ஆறரைக்குக் குளிர்ந்த கல்லில் செருப்பில்லாமல் நடக்கவிடலாம். பத்து மணிக்கு மேல் அதே கல் டிசம்பரிலும் காலைச் சுடும்.

இரவுப் பேருந்துதான் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, அந்தப் பாட்டும் ஆட்டமும் இல்லாமல் என்ன சுற்றுலா என்பது இன்னொரு வாதம். அதை மறுக்கத் தேவையில்லை. பாட்டை மாலையில் பாடலாம். ஆனால் வரலாற்று நகரம் என்று சொல்லிப் பணம் வாங்கி, பிள்ளைகளின் ஒரு நாளை வாங்கிய பிறகு, அந்த நகரத்தை அவர்களுக்குக் காட்டும் பொறுப்பும் பள்ளிக்கு உண்டு. பெற்றோர் கூட்டத்தில் கட்டணத்தோடு மூன்று கேள்விகளையும் கேட்கலாம். பேருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது? முந்தைய நாள் அந்த ஓட்டுநர் எவ்வளவு நேரம் ஓட்டினார், இரண்டாவது ஓட்டுநரின் உரிமத்தைப் பள்ளி பார்த்ததா? முதல் நாளில் எத்தனை ஊர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் ஒன்றுக்கு மேல் வந்தால், திட்டத்தைத் திருத்தச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடலாம்.