ஓங்கிலும் கடற்பன்றியும்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தை அடுத்த தளவாய்புரத்திலிருந்து தென்கிழக்கு நோக்கிச் செல்வோர் தூத்துக்குடியில் கடலைக் காண்பர். அக்கடற்பரப்பு மன்னார் வளைகுடா எனப்படும். மீனின் வடிவம் பெற்றும் மீன் அல்லாத இருவகை உயிர்கள் அங்கு வாழ்கின்றன. ஒன்று ஓங்கில், மற்றொன்று கடற்பன்றி. ஓங்கிலை டால்பின் என்றும் வழங்குவர்.

இவ்விரண்டும் திமிங்கிலத்தின் உறவினங்கள். ஒரு பேற்றில் ஒரு கன்றையே ஈன்று பாலூட்டி வளர்ப்பவை. மீனின் வால் இடமும் வலமுமாக அசையும். இவற்றின் வாலோ மேலும் கீழுமாக அசையும். செவுள்களால் மூச்சுவிட இவற்றால் இயலாது. ஆதலின், தலையின் உச்சியிலுள்ள துளைவழியே காற்றை உட்கொள்ள அடிக்கடி நீரின் மேற்பரப்பிற்கு வருகின்றன.

இனி இவற்றின் வேற்றுமைகளைக் காண்போம். இக்கடலில் உலவும் ஓங்கில்கள் பலவற்றின் முகம் பறவையின் அலகுபோல் முன்னோக்கி நீண்டிருக்கும். முதுகில் வளைந்த துடுப்பு ஒன்று நிமிர்ந்து நிற்கும். கடற்பன்றியின் முகம் உருண்டையானது. அதன் உடல் ஏறத்தாழ 5 அடி நீளமே உடையது. முதுகில் துடுப்பு இல்லை. சொரசொரப்பான தாழ்ந்த வரம்பு ஒன்றே உண்டு. ஆயினும், பிற கடல்களில் துடுப்புடைய கடற்பன்றிகள் உள. அலகில்லா ஓங்கில்களும் உள. எனவே, ஐயமின்றி அறிதற்குப் பல்லே தக்க சான்றாகும். ஓங்கிலின் பல் கூம்பு வடிவினது. கடற்பன்றியின் பல் மண்வெட்டியின் தகடுபோல் தட்டையானது.

இயல்பிலும் இவை வேறுபடுகின்றன. ஓங்கில்கள் கூட்டமாகத் திரியும், துள்ளிக் குதிக்கும், சீழ்க்கை ஒலி எழுப்பும். கடற்பன்றியோ தனித்தோ இரண்டு மூன்றாகவோ அமைதியாக நீந்தும். படகைக் கண்டால் விலகிச் செல்லும். அது எழுப்பும் ஒலி மனிதர் செவிக்கு எட்டுவதில்லை.

இத்துணை வேறுபட்டும், இரண்டிற்கும் வரும் இடர் ஒன்றே. இவை ஒலியை எழுப்பி, அதன் எதிரொலியால் இரையையும் தடைகளையும் அறிகின்றன. ஆனால், மெல்லிய நைலான் வலை அவ்வெதிரொலியில் தெளிவாகப் புலப்படுவதில்லை. வலையில் சிக்கிய உயிர் மேலே வர இயலாமல், கடலில் வாழ்ந்தும் மூச்சுத் திணறி மடிகின்றது. துள்ளி விளையாடும் ஓங்கிலைப் பலரும் அறிவர். ஒதுங்கி வாழும் கடற்பன்றி மறைவதை அறிவார் சிலரே.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவற்றை வேட்டையாடுவதைத் தடுக்கின்றது. 1986-ஆம் ஆண்டில் இங்குள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. எனினும், வலையில் உயிருடன் அகப்பட்டதை விரைந்து விடுவிக்கும் மீனவரின் கையே இவற்றுக்கு உற்ற காவலாகும். கண்ணைக் கவரும் உயிரைப் போலவே, கண்ணில் படாத உயிரையும் காத்தல் மக்களின் கடமையாகும்.