டேப்பட் ஓசையும் வால்வு இடைவெளியும்

பழைய அம்பாசடர் காரை இன்றும் விட மனமின்றி வைத்துக்கொண்டிருக்கும் நேயர்கள் நம்மிடையே உண்டு. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014-ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆயினும், ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய காலத்தில் வாங்கிய வண்டியைக் குடும்பத்தில் ஒருவராகவே கருதுவது நம்மவர் வழக்கம். அத்தகைய வண்டியைக் காலையில் கிளப்பியதும், தையல் இயந்திரம் ஓடுவது போன்ற ஓர் ஓசை என்ஜினின் மேற்பகுதியிலிருந்து கேட்கும். மிஸ்திரிகள் இதை ‘டேப்பட் ஓசை’ என்பார்கள். இந்த ஓசையைக் கேட்டுப் பலரும் கவலையுறுகின்றனர். உண்மையில், ஓசை சற்றும் இல்லாத பழைய என்ஜினைப் பற்றியே நாம் அதிகம் கவலைப்பட வேண்டும்.

இந்த 1489 சி.சி. என்ஜினில் நான்கு சிலிண்டர்களும் எட்டு வால்வுகளும் இருக்கின்றன. கீழே காம் ஷாஃப்ட் சுழலும்போது, புஷ் ராடு என்னும் நீண்ட கம்பி மேலெழுந்து, ராக்கர் என்னும் சிறு நெம்புகோலின் ஒரு முனையை உயர்த்துகிறது. மறுமுனை தாழ்ந்து வால்வை அழுத்தித் திறக்கிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும் என்ஜினில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை இவ்வாறு திறந்து மூடுகிறது. வால்வு மூடியிருக்கையில் அதன் தண்டுக்கும் ராக்கர் முனைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி விடப்பட்டிருக்கும். அதன் அளவு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, அதாவது சுமார் 0.38 மில்லிமீட்டர், கனமான அழைப்பிதழ் அட்டையின் பருமன் என்று கொள்ளலாம். உஷ்ணத்தால் உலோகம் நீளும்போது அதற்கு இடம் தருவதற்காகவே இது விடப்பட்டுள்ளது.

இவ்விடைவெளி போதாமற் போனால் என்ன நேரும் என்பதை நாம் பணம் செலவழித்தே கற்றோம். ஒரு சமயம் ஓசை பொறுக்காமல், அதை அடியோடு நிறுத்தித் தருமாறு ஒரு பட்டறையில் கேட்டோம். அவர்களும் திருகுகளை இறுக்கி நிறுத்தித் தந்தார்கள். வண்டி பூனைபோல் ஓடியது; நமக்கும் மகிழ்ச்சிதான். மூன்று வாரம் கழித்து, ராம்கட்டிலிருந்து ராஞ்சிக்கு ஏறும் சுட்டுபாலு மலைப்பாதையில், குழந்தைகளும் மூட்டை முடிச்சுகளுமாக இருக்கையில், ஒரு சிலிண்டர் முற்றிலும் செயலற்றுப் போயிற்று. பின்னர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, எரிந்த புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றின் விளிம்பு எலி கரும்பியதுபோல் கருகியிருந்தது.

காரணம் இதுதான். செந்நிறமாகக் காயும் அந்த வால்வு, மூடியிருக்கும் கணத்தில் தன் இருக்கையோடு ஒட்டி உட்கார்ந்தே பெரும்பகுதி உஷ்ணத்தை இறக்கி வைக்கிறது. இடைவெளியே இல்லையெனில், சூடேறி நீண்ட தண்டு ராக்கரில் முட்டிக்கொள்ள, வால்வு முழுவதும் உட்கார முடிவதில்லை. மயிரிழைச் சந்து வழியே நெருப்புக் காற்று சீறிப் பாய்ந்து விளிம்பை அரித்துவிடுகிறது.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு முதல் ஈயம் கலவாத பெட்ரோலே கிடைக்கிறது. நாட்டு மக்களின் ஆரோக்கியத்துக்கு அது பெரிய நன்மை. ஆனால் பழைய ஹெட்டில் வார்ப்பிரும்பிலேயே குடைந்த இருக்கைகளுக்கு ஈயப் படிவு ஒரு காப்பாக இருந்தது. அது இல்லாததால் இருக்கை மெல்லத் தேய்ந்து, வால்வு உள்வாங்கி, இடைவெளி ஓசையின்றியே குறைகிறது. ஆகவே 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அளந்து பார்ப்பதை நாம் வழக்கமாகக் கொண்டுள்ளோம்.

அளக்கும் முறை கடினமன்று. பிளக்குகளைக் கழற்றிவிட்டால் என்ஜின் எளிதில் சுழலும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ள வேண்டும். 8-ஆம் வால்வு முழுதும் திறந்திருக்கையில் 1-ஆம் வால்வை அளக்கலாம். 6 திறந்திருக்கையில் 3-ஐயும், 4 திறந்திருக்கையில் 5-ஐயும் அளக்கலாம். இரண்டு எண்களையும் கூட்டினால் எப்போதும் 9 வரும். இந்தக் கணக்கு ஒன்றை நினைவில் வைத்தால் போதும். என்ஜின் சூடாக இருக்கையில் அளப்பதா, ஆறிய பின்பா என்பதை வண்டியின் கைப்புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்க.

ஃபீலர் கேஜின் தகட்டை இடைவெளியில் செருகி இழுக்கும்போது, அது லேசாகப் பிடித்து இழுபட வேண்டும். பிடிப்பு இல்லாவிட்டாலோ மிகுந்தாலோ, லாக் நட்டை ஸ்பானரால் தளர்த்தித் திருப்புளியால் திருகைச் சரிசெய்யலாம். நட்டை மீண்டும் இறுக்கும்போது திருகும் கூடவே சிறிது நகரும். ஆதலால் இறுக்கிய பின் மறுபடி அளப்பது அவசியம். அவசரக்காரர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்.

சரியாக அளந்த பின்னும் ஓசை நீடித்தால், ராக்கரின் முனையை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் தகடு பள்ளத்தின் மேலே பாலம்போல் கிடக்கும். உண்மை இடைவெளி தகடு காட்டுவதைவிட அதிகமாயிருக்கும். அப்போது ராக்கரைத் தீட்டிச் சமப்படுத்தவோ மாற்றவோ வேண்டும். திருகை மேலும் இறுக்க மிஸ்திரி கை நீட்டினால், தயங்காமல் தடுத்துவிடுங்கள்.