தூங்கி வழிந்த மாணவி

எங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி. மதிய உணவு முடிந்து வகுப்பு தொடங்கியதும் தலை சாய்ந்துவிடும். "ராத்திரி டி.வி. பார்த்தாயா?" என்று எழுப்பி நிற்க வைத்தவள் நான்தான். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பரிசோதித்தபோது அவளுக்கு ஹீமோகுளோபின் 8 கிராம். அந்த வயதில் 12 கிராமாவது இருக்க வேண்டும்.

இரும்புச்சத்து குறைந்தால் இரத்தம் சுமந்து செல்லும் ஆக்சிஜன் குறைகிறது. சோர்வும் மூச்சிரைப்பும் வரும், பாடத்தில் மனம் நிற்காது. நாம் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் விழுங்குவதே இல்லை. வெறும் வயிற்றில் ஒருமுறை போட்டு வாந்தி எடுத்த பயம். சாப்பிட்ட பின் போட்டால் குமட்டல் குறையும், மலம் கறுத்துப் போவது இயல்புதான் என்று நான் சொல்லியிருக்கவில்லை. பதிவேட்டில் மட்டும் தவறாமல் டிக் அடித்திருக்கிறேன்.

அவளுடைய அம்மா மில் வேலைக்குப் போகிறவர். "காலையில டீயும் பன்னும்தான் டீச்சர்" என்றார். சாப்பாட்டோடு டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது; ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் சத்து நன்றாகச் சேரும். இதைச் சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் மகளுக்கு இட்லியோடு டீ கொடுப்பவளும் நான்தானே!

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தினமும் போட மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் 10.4 ஆனது. இன்னும் சில மதியங்களில் கண் செருகத்தான் செய்கிறது. நான் எழுப்பி நிற்க வைப்பதில்லை.