ரத்தம் உறைகிறதா? பத்து நிமிடத்தில் பதில் வேண்டும்

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு விழுந்ததும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்கினால் ரத்தக் குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்ளும். சுருங்காமல் தளர்ந்தே கிடந்தால் உதிரப்போக்கு நிற்காது.

அப்போது மருத்துவர் முன் இரண்டு கேள்விகள். ரத்தம் எங்கிருந்து வருகிறது? அது உறைகிறதா? முதல் கேள்விக்குக் கையும் கண்ணும் பெரும்பாலும் பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குப் பரிசோதனை வேண்டும். வழக்கமான பி.டி., ஏ.பி.டி.டி. பரிசோதனைகளுக்கு ரத்தத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்தெடுக்க வேண்டும். முடிவு வர முக்கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் இன்னொரு லிட்டர் போயிருக்கலாம். வந்த தாளில் இருப்பது பழைய கணக்கு.

அந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. பிரசவ உதிரப்போக்கில் முதலில் தீர்ந்துபோவது ஃபைப்ரினோஜன். உறைகட்டிக்கு வலைபின்னும் புரதம் இது. இது வெகுவாகக் குறைந்த பிறகும் பி.டி. சரியாகவே காட்டும். மற்றவர்களுக்கு லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் வரை இருக்கும் ஃபைப்ரினோஜன், நிறைமாதக் கர்ப்பிணிக்கு 4 முதல் 6 கிராம் வரை இருக்கும். அதனால் 2.5 என்ற எண் ஆய்வுக்கூடத் தாளில் ‘நார்மல்’ என்று வரும். பிரசவ அறையில் அது அபாய மணி. 2007இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், உதிரப்போக்கின் தொடக்கத்திலேயே 2 கிராமோ அதற்குக் கீழோ இருந்த அத்தனை பேருக்கும் நிலைமை கடுமையானது.

பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே வைக்கக்கூடிய ரோட்டெம் போன்ற கருவிகள் பிளாஸ்மாவைப் பிரிப்பதில்லை. சிறு கிண்ணத்தில் முழு ரத்தம். அதில் மெல்ல அசையும் ஒரு தண்டு. ரத்தம் கெட்டிப்படக் கெட்டிப்பட அசைவு தடைபடும், அது வரைபடமாகும். ஜெர்மனியில் ஹெல்முட் ஹார்ட்டர்ட் 1948இல் விவரித்த முறையின் வாரிசு இது. ‘ஃபிப்டெம்’ என்ற வகையில் தட்டணுக்களின் பங்கை மருந்தால் முடக்கிவிட்டு, ஃபைப்ரினோஜனின் பலத்தை மட்டும் அளக்கிறார்கள். ஏறத்தாழ பத்து நிமிடத்தில் மில்லிமீட்டரில் ஓர் எண் கிடைத்துவிடும்.

வேல்ஸ் நாட்டில் 2017இல் ‘ஓ.பி.எஸ். கம்ரி’ திட்டம் தொடங்கியது. இழந்த ரத்தத்தைக் கண்மதிப்பில் விடாமல் எடைபோட்டு அளந்தார்கள். கூடவே இந்தக் கருவி. பெரும் உதிரப்போக்கும் ரத்தம் ஏற்றுவதும் குறைந்தன. அதில் கருவியின் பங்கு எவ்வளவு, எடைபோட்டதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. தராசுக்கும் பாதிப் புகழ் கொடுக்கலாம் என்பேன்.

என் பார்வையில் ஃபிப்டெம் எண்ணின் பெரிய பயன், கொடுக்கச் சொல்வதைவிட நிறுத்தச் சொல்வதுதான். தானமாக வந்த பிளாஸ்மாவில் ஃபைப்ரினோஜன் லிட்டருக்குச் சுமார் 2 கிராம். 4 கிராம் உள்ள தாய்க்கு அதை ஏற்றினால் அவளுடைய ரத்தம் நீர்த்துத்தான் போகும். ஃபிப்டெம் 12 மி.மீ.க்கு மேல் இருந்தால் பிளாஸ்மாவை நிறுத்திவைக்கலாம் என்பது வேல்ஸின் அனுபவம். டென்மார்க்கில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், அளவு பார்க்காமல் முன்கூட்டியே ஃபைப்ரினோஜன் கொடுத்ததால் பலன் இல்லை.

எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்கக் கூடாத மருந்து டிரானெக்ஸாமிக் அமிலம். 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான ‘வுமன்’ ஆய்வில், பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தபோதே அது உயிர் காத்தது.

கருவி இல்லாத இடத்தில் என்ன செய்வது? சுத்தமான, உலர்ந்த சிறு கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, உள்ளங்கைச் சூட்டில் பிடித்திருந்து, நான்கு நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஏழு நிமிடமாகியும் கட்டி விழாவிட்டால், அல்லது விழுந்த கட்டி எளிதில் உடைந்தால், உறைதல் கெட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். துல்லியம் குறைவுதான். குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். உறைதலைத் தூண்டுவது கண்ணாடியின் பரப்பு. பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் உறையத் தாமதிக்கும், மருத்துவரை ஏமாற்றிவிடும்.