ஆறினால் கிளம்பும் எஞ்சின்

வந்தாறுமூலையிலிருந்து கிழக்கே போனால் களுவன்கேணிக் கரை. விடியற்புறம் அங்கிருந்து ஒரு ஃபைபர் வள்ளம் கடலில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இரண்டு தரம் இழுத்ததும் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. கால் மணி நேரம் ஒரு குறையுமில்லாத ஓட்டம். பிறகு இளைப்பு வந்தவர்போல் ஏறி இறங்கி, நூர்ந்துபோகிறது. எத்தனை தரம் இழுத்தாலும் பிடிப்பதில்லை.

“கொஞ்சம் ஆற விடு மகன், புடிக்கும்” என்கிறார் அணியத்தில் இருக்கும் பெரியவர். ஒரு வாய் வெற்றிலை போட்டு முடிவதற்குள், அவர் சொன்னபடியே பிடித்தும் விடுகிறது. அடுத்த கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை.

ஊர்ப் பெயரையே ‘வந்து ஆறும் மூலை’ என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுகிற இடத்தில், எஞ்சினும் ஆறிக்கொள்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால், ஆறிய அந்த நேரத்துக்குள் எஞ்சினில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அது எது என்று கேட்டால் பழுது தானாகவே வெளியே வரும்.

எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று: எரிபொருள், காற்று, தீப்பொறி. ஒரு லீற்றர் பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 9,000 லீற்றர் காற்று தேவை. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றும்போது, ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 83 தடவை பொறி தட்டுகிறது. இந்த வேகத்தில் மூன்றில் ஒன்று சிறிது நேரம் வராவிட்டாலும் எஞ்சின் நின்றுவிடும்.

நம்முடைய வள்ளத்தில் வராமற்போனது எரிபொருள். காரணத்தை அறியத் தேநீர்க் கடைக்குப் போக வேண்டும். ரின்பால் பேணியில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் பால் சொட்டிச் சொட்டி நின்றுவிடும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு துளை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். பால் வெளியேறிய இடத்தைக் காற்று வந்து நிரப்பாவிட்டால், உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று பாலைத் தடுத்து நிறுத்திவிடும்.

வள்ளத்தின் எண்ணெய்த் தாங்கிக்கும் அந்த இரண்டாம் துளை உண்டு. மூடியின் மேலிருக்கும் சிறிய காற்றுத் திருகுதான் அது. அது இறுகியிருந்தால், எண்ணெய் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் கூடும். எஞ்சினிலுள்ள சின்னப் பம்பால் அதை மீறி உறிஞ்ச முடியாது. காபரேற்றரில் மிச்சமிருந்த எண்ணெய் தீர்ந்ததும் எஞ்சின் இளைத்து நிற்கும். ஓய்ந்திருக்கும் நேரத்தில் மூடியின் புரிகளினூடே காற்று கசிந்து உள்ளே போய்விடுவதால் மறுபடி பிடிக்கும். ஆறியது எஞ்சின் அல்ல, தாங்கி.

இதைச் சோதிக்க ஆயுதம் எதுவும் வேண்டாம். நின்றவுடன் தாங்கி மூடியைத் திறவுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் ஒலி கேட்டால் வழக்கு முடிந்தது. எண்ணெய்க் குழாயின் நடுவிலுள்ள றப்பர் குமிழும் சாட்சி சொல்லும். அது சப்பிப்போய் ஒட்டியிருந்தால் தடை தாங்கிப் பக்கம். எவ்வளவு அமுக்கினாலும் இறுகாவிட்டால், தாங்கியில் எண்ணெய் தீர்ந்திருக்க வேண்டும் அல்லது குழாயிலோ பொருத்திலோ காற்றுக் கசிவு இருக்க வேண்டும். கல்லுப்போல் இறுகியிருந்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால், பழுதை அதற்கு அப்பால் தேடலாம்.

ஆறினால் கிளம்பும் இன்னொரு பழுதும் இருக்கிறது. பொறிக்கு மின்சாரம் தரும் கொயில் பழசாகிவிட்டால், சூடேறியதும் வேலையை நிறுத்தி, குளிர்ந்ததும் மறுபடி தொடங்கும். ஆனால் நிற்கிற விதம் வேறு. எண்ணெய் வராத எஞ்சின் இளைத்து இளைத்து நிற்கும். பொறி வராத எஞ்சின் விளக்கை அணைத்ததுபோல் சட்டென்று நிற்கும். அப்படி நின்றால், கொயிலைக் குறை சொல்லுமுன் ஓட்டுபவரின் கையோடு கட்டும் நிறுத்தற் கயிறு கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றிப் பொறி பார்ப்பதைக் கரைக்குத் தள்ளிவைப்பது நல்லது. பெற்றோல் ஆவி சூழ்ந்த வள்ளத்தில் ஒரு பொறி போதும்.

ஆறவிட்டால் இன்னும் மோசமாகும் எஞ்சினும் உண்டு. நம் கரைகளில் பல எஞ்சின்கள் ஓடுவது மண்ணெண்ணெயில். பெற்றோல் கடுங்குளிரிலும் பற்றக்கூடிய ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு ஏறத்தாழ 38 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு வேண்டும். அதனால்தான் பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார்கள். வலை இழுக்கும்போது எஞ்சினை நெடுநேரம் மெல்ல ஓடவிட்டால் சூடு தணிந்து, எண்ணெய் சரியாக ஆவியாகாமல் பிளக்கை நனைத்துவிடும். அப்படி நின்ற எஞ்சினை ஆறவிட்டால் கிளப்புவது இன்னும் கடினம். மறுபடி பெற்றோலுக்குத்தான் திரும்ப வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்பே பெற்றோலுக்கு மாற்றிவிடும் பழக்கத்தின் காரணமும் இதுதான்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் ஏறியது. அந்த விலையில் கானின் அடியில் கிடக்கும் கடைசிக் குவளையையும் யாரும் வீசியிருக்கமாட்டார்கள். ஆனால் தண்ணீர் சேர்ந்து கிடப்பதும் அந்த அடியில்தான். வாடை மாதங்களின் ஈரக்காற்று பாதி காலியான தாங்கிக்குள் வியர்த்து, துளித்துளியாகக் கீழே இறங்கும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. அமைதியான வாவிக்குள் அது அடியிலேயே கிடப்பதால் எஞ்சின் ஒழுங்காக ஓடும். முகத்துவாரம் தாண்டி அலையில் வள்ளம் குலுங்கியதும் கலங்கி, உறிஞ்சு குழாய்க்குள் போய்விடும். “வாவிக்குள்ள நல்லாத்தான் ஓடின” என்ற முறைப்பாட்டுக்கு இது ஒரு விளக்கம். அடியெண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சற்று நேரம் வைத்தால் தண்ணீர் தனிப் படையாகத் தெரியும்.

உண்மையிலேயே ஆற வேண்டிய எஞ்சினும் ஒன்று உண்டு. எஞ்சினின் பக்கத்திலிருந்து பீச்சும் நீர்த்தாரை மெலிந்தாலோ நின்றாலோ, குளிர்நீர் ஏறவில்லை என்று பொருள். ஆற்றுவாழை வேர், பொலித்தீன் பை, ஆழம் குறைந்த இடத்துச் சேறு ஆகியவை நீரெடுக்கும் வாயை அடைக்கும். மணல் உள்ளிருக்கும் றப்பர்ச் சக்கரத்தைத் தேய்க்கும். இந்த நிலையில் திரும்பத் திரும்பக் கயிற்றை இழுப்பது எஞ்சினைக் கொல்வதற்குச் சமம்.

எந்தப் பழுதானாலும், தேடத் தொடங்குமுன் நங்கூரத்தைப் போட்டுவிடுங்கள். கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று. நின்ற வள்ளத்தை அது கரைக்குக் கொண்டுவராது, ஆழ்கடலுக்குத்தான் தள்ளும். நங்கூரம் நிலம் தொடும் ஆழத்தைத் தாண்டிவிட்டால் பிறகு காற்று வைத்ததே வழி.

அந்த விடியற்புற வள்ளத்துக்கு வருவோம். தாங்கியை வீட்டிலிருந்து கரைக்குக் கொண்டுவரும்போது எண்ணெய் சிந்தாமலிருக்க யாரோ காற்றுத் திருகை இறுக்கியிருக்கிறார்கள். அது சரியான காரியம்தான். வள்ளத்தில் ஏற்றியபின் அதைத் தளர்த்த மறந்ததுதான் பிழை. கால் மணி தூரத்தில் வந்து நின்ற எஞ்சினின் பழுது வீட்டு வாசலிலேயே தொடங்கிவிட்டது. நாளை கயிற்றை இழுக்குமுன் மூடியை ஒரு தரம் தொட்டுப் பார்த்தால் போதும். பெரியவர் வெற்றிலையை ஆறுதலாகக் கரையில் வந்து போட்டுக்கொள்ளலாம்.