கேம் பாய் கார்ட்ரிட்ஜின் இணைப்பு முனைகளைத் தூய்மை செய்தல்

கேம் பாய் என்பது ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1989 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட கையடக்க நிகழ்பட விளையாட்டுக் கருவியாகும். இதற்கான விளையாட்டுகள் கார்ட்ரிட்ஜ்களில் விற்கப்பட்டன. இத்தகைய கார்ட்ரிட்ஜ்களைத் தமிழ்நாட்டில் பேச்சுவழக்கில் கேசட் என்பர். பழைய கார்ட்ரிட்ஜ் ஒன்று இயங்காதபோது, அதிலுள்ள சில்லு கெட்டுவிட்டது என்று பலர் கருதுகின்றனர். ஆனால் பல நேரங்களில் இணைப்பு முனைகளில் படிந்த அழுக்கே அதற்குக் காரணமாக இருக்கும். அதை வீட்டிலேயே நீக்கலாம். தவறான முறையில் நீக்க முயன்றால், நல்ல கார்ட்ரிட்ஜும் அதில் சேமித்த ஆட்டமும் கெடக்கூடும்.

அமைப்பு

கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கத்தில் 32 இணைப்பு முனைகள் வரிசையாக உள்ளன. இவற்றின் வழியாகவே மின்சாரம், முகவரி, தரவு ஆகியவை கருவிக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் இடையே செல்கின்றன. முனைகளின் மேல் மெல்லிய தங்க முலாம் பூசப்பட்டுள்ளது. தங்கம் துருப்பிடிக்காது. எனினும் விரலின் எண்ணெய்ப் பசையும் தூசியும் அதன்மேல் படியும். முலாம் தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள உலோகம் காற்றுபட்டு அரிக்கப்படும்.

பழுதின் அறிகுறிகள்

கருவியை இயக்கியதும் நிண்டெண்டோ சின்னம் திரையின் மேலிருந்து கீழிறங்கும். முதல் கேம் பாயில் இச்சின்னம் கார்ட்ரிட்ஜிலிருந்தே படிக்கப்படுகிறது. அதன் 48 பைட்டுகளையும் கருவி தன்னிடமுள்ள நகலுடன் ஒப்பிடும். ஒரு பைட் மாறினாலும் ஆட்டம் தொடங்காது. எனவே இச்சின்னமே ஒரு சோதனைக் கருவியாகப் பயன்படுகிறது.

• சின்னத்தின் இடத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால், கார்ட்ரிட்ஜிலிருந்து தரவு எதுவும் வரவில்லை எனலாம். கார்ட்ரிட்ஜ் செருகப்படாதபோதும் இதுவே தெரியும்.
• சின்னம் சிதைந்து தெரிந்தால், சில முனைகள் மட்டும் சரியாகத் தொடவில்லை எனலாம்.
• சின்னம் சரியாக வந்த பின்னரும் ஆட்டம் நின்றுவிடலாம். சின்னம் நினைவகத்தின் ஒரு சிறு பகுதியிலிருந்து மட்டும் படிக்கப்படுவதால், முகவரி முனைகள் அனைத்தும் அதனால் சோதிக்கப்படுவதில்லை.

வாயால் ஊதுதல்

கார்ட்ரிட்ஜை வாயால் ஊதிச் செருகும் பழக்கம் பரவலாக உள்ளது. ஊதியபின் ஆட்டம் இயங்குவதும் உண்டு. கழற்றி மீண்டும் செருகும்போது முனைகள் ஒன்றோடொன்று உராய்ந்து புதிதாகத் தொடர்பு ஏற்படுவதே இதற்கு முதன்மையான காரணம். மூச்சிலுள்ள ஈரம் முனைகளில் தங்கி, நாளடைவில் அரிப்பை உண்டாக்கும். ஆகவே ஊதுவதைத் தவிர்க்க வேண்டும்.

தூய்மை செய்யும் முறை

1. கருவியை நிறுத்திவிட்டுக் கார்ட்ரிட்ஜைக் கழற்ற வேண்டும்.
2. 90 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட செறிவுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்ககாலில் பஞ்சுக்குச்சியைச் சற்றே நனைக்க வேண்டும். இது எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பு, விளக்கு அருகில் வைக்கக் கூடாது.
3. முனைகளை அவற்றின் நீளவாக்கில் மெதுவாகத் துடைக்க வேண்டும். பஞ்சு கறுத்தால் வேறு குச்சி எடுத்து, பஞ்சில் அழுக்கு ஒட்டாத வரை தொடர வேண்டும்.
4. உலர்ந்த குச்சியால் துடைத்து, முழுவதும் உலரும்வரை காத்திருக்க வேண்டும்.
5. பின்னர் செருகிச் சோதிக்க வேண்டும். ஒரு கார்ட்ரிட்ஜ் மட்டும் இயங்காவிட்டால் அதையே மீண்டும் துடைக்கலாம். எல்லாக் கார்ட்ரிட்ஜ்களும் இயங்காவிட்டால், அழுக்கு கருவியின் இணைப்பியில் இருக்கக்கூடும்.

கருவியின் இணைப்பியைத் தூய்மை செய்ய, கருவி அணைந்திருக்கும் நிலையில் கார்ட்ரிட்ஜின் முனைகளில் சிறிது ஆல்ககாலைத் தடவி, சில முறை செருகி எடுத்து, ஒவ்வொரு முறையும் முனைகளைத் துடைக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

உப்புத்தாள், கத்தி, இரும்பு நார் ஆகியவை தங்க முலாமைச் சுரண்டிவிடும். அதன்பின் ஆட்டம் சில நாள் நன்றாக இயங்கினாலும், வெளிப்பட்ட உலோகம் முன்னைவிட விரைவாக அரிக்கப்படும். கை தூய்மைக் களிம்பில் உள்ள பிற பொருள்கள் முனைகளில் பசையாகத் தங்கிவிடும். ஆல்ககால் மேலொட்டிய படத்தில் பட்டால் அச்சு கலையும்.

சேமித்த ஆட்டம்

போக்கிமான் போன்ற விளையாட்டுகளின் கார்ட்ரிட்ஜில் ஒரு பொத்தான் மின்கலம் இருக்கும். கருவி அணைந்திருக்கும்போது, சேமித்த ஆட்டத்தைக் காப்பது அதுவே. முனைகளைத் துடைப்பதால் அது அழியாது. கார்ட்ரிட்ஜைத் திறந்து மின்கலத்தை எடுத்தாலோ, திருப்புளி பட்டு அது குறுக்குச் சுற்றானாலோ அழிந்துவிடலாம். முனைகள் திறந்த அடிப்பக்கத்தின் வழியாகவே எட்டும் என்பதால், துடைப்பதற்காகக் கார்ட்ரிட்ஜைத் திறக்கத் தேவையில்லை. ஆட்டம் நன்றாக இயங்கியும் சேமித்தது மட்டும் ஒவ்வொரு முறையும் மறைந்தால், பெரும்பாலும் மின்கலம் தீர்ந்திருக்கும். அதைத் துடைப்பதால் சரிசெய்ய இயலாது. அந்நிலையில் மின்கலத்தை மாற்றுவதே வழி.